அப்பப்பாவின் விதைப்புக் கொப்பியும் அம்மாவின் அடுப்புப் புகையும்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கம் ஒரு சிறுகுளத்தின் கீழ் கமம் செய்த உங்கள் அப்பப்பா, 1964இலிருந்து 1996 வரை ஒரு கொப்பியில் விதைத்த நாள், குளம் வான் பாய்ந்த (நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வழிந்த) நாள், அரிவி வெட்டிய (நெல் அறுத்த) நாள், வந்த மூடை எல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அப்பம்மா அதைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுதிரிந்து, இப்போது அது லண்டனில் உங்கள் கையில் இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மா "முந்தி இந்த வெக்கை இல்லை, மழையும் காலம் தப்பிப் பெய்யுது" என்கிறார். தம்பியோ, விறகு எரிப்பதும் வைக்கோல் கொளுத்துவதும் மோட்டார் சைக்கிள் ஓடுவதும்தான் காரணம் என்று அம்மாவோடு வாதாடுகிறார். காலநிலை மாறியதற்கு இந்தக் கொப்பி ஆதாரமாகுமா, எங்கள் வீட்டுப் பழக்கங்கள்தான் அதற்குக் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பப்பா சாட்சியா, அம்மா குற்றவாளியா என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் நீர்ப்பாசன வேலையில் வன்னிக் குளங்களோடு நெடுங்காலம் இருந்தவன். குளத்து மட்டப் பதிவுகளைப் படிப்பதும், அவற்றில் எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று பிரிப்பதும் என் தொழிலில் பெரும்பங்கு. காலநிலை விஞ்ஞானி அல்ல. ஆகவே கொப்பியைப் பற்றி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வளிமண்டலத்தைப் பற்றி அந்தத் துறையில் நன்றாக உறுதிப்பட்டதை மட்டும் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் அம்மா உலகக் காலநிலையை மாற்றவில்லை. கொப்பி தனியாக நின்று காலநிலை மாற்றத்தை நிரூபிக்கவும் மாட்டாது. ஆனால் வன்னியில் வேறு எந்தக் கருவியும் வைத்திராத ஒன்று அதில் இருக்கிறது. அதனால் அதை மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும்.

வீட்டுக் கொப்பியைப் போய் விஞ்ஞானத்தில் யார் சேர்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் நோர்ஃபோக் பகுதியில் ரொபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கி, மரங்கள் துளிர்விடும் நாளையும் குருவிகள் வந்துசேரும் நாளையும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் அவர் சந்ததியார் 1958 வரை அதை விடாமல் தொடர்ந்தார்கள். வசந்தம் எப்படி முன்னே நகர்ந்தது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் பதிவு அது. ஜப்பானில் சுவா ஏரி உறைந்த நாளை ஷிண்டோ கோயில் பூசகர்கள் 1443இலிருந்து குறித்துவந்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் காலநிலையை அளக்க நினைத்து எழுதவில்லை. தங்கள் வேலைக்காக, வழிபாட்டுக்காக எழுதினார்கள். அப்பப்பாவும் அப்படித்தான். எதையும் நிரூபிக்க எண்ணாமல் எழுதியவரின் குறிப்பு, அந்த வகையில் நம்பிக்கைக்கு உரியது. ஆனால் அவர் எதற்காக எழுதினாரோ அதற்குள் நின்றே அதைப் படிக்க வேண்டும்.

நீங்கள் இணைத்த முதல் பக்கத்தையே எடுப்போம். மேலே "குரோதி வருஷம்". கீழே ஒன்றன்பின் ஒன்றாக, "புரட். 29 புழுதி விதைப்பு முடிவு", "கார்த். 24 வான்", "மார். 8 காத்து, வீட்டு முகடு போச்சு", "மாசி 18 அரிவி", "சூடு 71 மூடை". தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி 1904இலும் வந்தது, 1964இலும் வந்தது, 2024இலும் வந்தது. பக்கத்தில் இருப்பது குமிழ்முனைப் பேனை எழுத்து. அந்தப் பேனை இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் கடைக்கு வந்தது, ஆகவே 1904 கழிந்தது. மார்கழி 8 என்பது டிசம்பர் 22, 23 அளவில் விழும். 1964இல் இலங்கையின் வடக்கைக் கடந்துபோய்த் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது அதே நாட்களில். "வீட்டு முகடு போச்சு" என்ற அந்த ஒரு வரி முழுப் பக்கத்தையும் 1964இல் ஆணி அடித்து நிறுத்துகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: வரிக்கு வரி மையின் நிறமும் பேனையின் அழுத்தமும் மாறுகின்றன. ஒரே இருப்பில் பிறகு நினைத்து எழுதியிருந்தால் இப்படி வராது. அன்றன்று எழுதியிருக்கிறார். இது பெரிய விஷயம். ஞாபகத்திலிருந்து எழுதிய குறிப்பும் அன்றைக்கே எழுதிய குறிப்பும் ஒரே நிறை உடையவை அல்ல.

மற்றப் பக்கங்களையும் இதே மாதிரி ஊருக்கே தெரிந்த நிகழ்வுகளோடு ஒத்துப் பாருங்கள். அந்தப் பகுதியில் மூத்தவர்கள் மறக்காத 1957 மார்கழி வெள்ளம் கொப்பிக்கு முந்தியது, உதவாது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பை அழித்தது. நெடுங்கேணியில் அது பெரிதாகத் தெரிந்திராது, ஆகவே கொப்பியில் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். தமிழ் வருஷம் சித்திரையில் மாறுவதால் ஒரு காலபோகம் (மாரிமழைப் பயிர்) முழுவதும் ஒரே வருஷப் பெயருக்குள் அடங்கும். ஆங்கில ஆண்டுக்கு மாற்றும்போது மார்கழிப் பிற்பாதியையும் தை, மாசி, பங்குனியையும் அடுத்த ஆண்டில் போட மறக்காதீர்கள். குரோதி மாசி என்பது 1965. இந்த இடத்தில் ஒரு வருஷம் தவறினால் பிறகு வவுனியா மழைப் பதிவோடு ஒப்பிடும்போது எல்லாம் பிசகும்.

இனி "வான்" என்ற வரி. நீங்கள் இதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறீர்கள்: அறுபதுகளில் கார்த்திகையில் வான் பாய்ந்த குளம் தொண்ணூறுகளில் மார்கழிக் கடைசியில்தான் பாய்கிறது, ஆகவே மழை பிந்திவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் அவசரப்படக் கூடாது. குளம் எப்போது வான் பாயும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. சிறுபோகம் (கோடைப் பயிர்) முடிந்து குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சி நின்றது, வான்மட்டம் எவ்வளவு உயரம், குளம் எவ்வளவு தூர்ந்திருக்கிறது, மேலே வேறு குளம் கட்டினார்களா, துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) ஒழுகியதா என்று பல விஷயம் அதில் கலந்திருக்கிறது. வன்னிக் குளங்களுக்குக் கட்டு உயர்த்துவது வழமையான வேலை. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு 1920களின் தொடக்கத்தில் பாவனைக்கு வந்த பிறகு பலமுறை உயர்த்தப்பட்டது, போருக்குப் பிறகும் அதில் பெரிய திருத்தவேலை நடந்தது. சிறுகுளங்களில் கமக்காரரே வானில் மண்மூடை அடுக்கி ஓரிரண்டு அடி கூடத் தண்ணீர் மறிப்பதும் உண்டு. வான்மட்டம் ஒரு அடி ஏறினாலே, அதே மழைக்குக் குளம் பல நாள் பிந்தி வான் பாயும். சில வருஷம் பாயாமலே விடும். மேலே புதிதாக ஒரு குளம் வந்தால் அது நிறைந்து பாய்ந்த பிறகுதான் கீழே தண்ணீர் வரும். ஆகவே வான் பாய்ந்த நாட்களை ஒரே கோட்டில் போட்டு "மழை பிந்துகிறது" என்று சொல்லமுடியாது. கட்டில் எந்த வேலையும் நடக்காத காலத்துக்குள், உதாரணமாக இரண்டு திருத்தங்களுக்கு இடைப்பட்ட வருஷங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அதற்கு முதலில் அந்தக் குளத்துக்கு எப்போது என்ன வேலை நடந்தது என்று தெரியவேண்டும். கமநல சேவை நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். வட்டவிதானையாக (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளராக) இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

குளத்து மட்டக்கோலை நாள்தோறும் வாசித்து எழுதிய அரசாங்கப் பதிவுகளும் குறை இல்லாதவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அடை மழை நாட்களில் துருசடிக்குப் போகமுடியாது. வாசிப்பவர் முதல்நாள் கணக்கையே திரும்ப எழுதிவிடுவார். நாலைந்து நாள் ஒரே எண் நின்று, பிறகு ஒரேயடியாக மூன்று அடி ஏறியிருந்தால் அந்த நாலைந்து நாளும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்கள் அப்பப்பாவுக்கு அப்படி எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. வான் பாயும் சத்தம் வயலுக்கே கேட்கும். கேட்ட அன்றைக்கு எழுதியிருக்கிறார்.

விதைப்பு நாளும் அரிவி நாளும் இன்னும் சிக்கல். புழுதி விதைப்பு மழைக்கு முன்னமே நடப்பது, ஆகவே விதைத்த நாள் மழை தொடங்கிய நாளைக் காட்டாது. முளைத்த நாளை எங்காவது எழுதியிருந்தால் அது பொன். உழவு இயந்திரம் வந்த பிறகு விதைப்பு நாள் மாறியிருக்கும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானித்தால் அதற்கேற்ப மாறியிருக்கும். அரிவி நாளில் நெல்லினம் புகுந்துவிளையாடும். பழைய ஊர்நெல்லு பலவும் ஐந்து ஆறு மாதம் நின்று விளைந்தவை. பிறகு எச் 4 என்ற புதிய இனம் வந்தது, அது நாலு மாதத்துக்குச் சற்றுக் கூட. அதற்குப் பின் வந்த பிஜி இனங்களில் 300 என்று தொடங்குபவை மூன்று மாதம், 350க்கும் 400க்கும் இடைப்பட்டவை மூன்றரை மாதம். எழுபதுகளின் கடைசியில் அரிவி மாசியிலிருந்து தைக்கு வந்துவிட்டது என்று கண்டீர்கள் அல்லவா, அதில் பெரும்பங்கு இனம் மாறியதால்தான் இருக்கும். மூடைக் கணக்கையும் அப்படியே விளைச்சல் என்று எடுக்க வேண்டாம். மூடை ஒரே அளவாக இருந்ததில்லை. எங்காவது "புசல்" என்று எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ.

இவ்வளவு கழித்த பிறகு என்னதான் மிஞ்சும் என்று கேட்பீர்கள். நிறைய மிஞ்சும். குளம் வான் பாயாமலே போன வருஷங்கள், காலபோகம் முழுவதும் அழிந்த வருஷங்கள், சிறுபோகமே செய்யாமல் விட்ட வருஷங்கள், கிணறு வற்றியது, மாடுகளை வேறு குளத்துக்குச் சாய்த்துக்கொண்டு போனது என்று வரும் குறிப்புகள் சின்னச் சின்ன மாற்றங்களால் கலையாதவை. வறட்சியும் வெள்ளமும் வந்த வருஷங்களின் பட்டியல் ஒன்று இந்தக் கொப்பியிலிருந்து உறுதியாக எடுக்கலாம். அதன் பெறுமதி இதில்தான் இருக்கிறது: போர்க்காலத்தில் வன்னியில் பல மழைமானிகளின் பதிவு அறுந்துபோனது. வாசிப்பவர் இடம்பெயர்ந்தார், கந்தோர் இடம்பெயர்ந்தது, கடதாசி எரிந்தது. வடமாகாணக் காலநிலையை ஆராய்கிறவர்கள் இந்த இடைவெளியை அயல் நிலையங்களை வைத்துக் கணக்கால்தான் நிரப்பவேண்டியிருக்கிறது. எண்பதுகள், தொண்ணூறுகளில் நெடுங்கேணியில் ஒரு கமக்காரர் அன்றன்று எழுதிய பதிவு இருக்கிறது என்றால், அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி கிடைக்கிறது. வவுனியா நிலையத்தின் மழையோடு ஒப்பிடும்போது கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாத் தாழமுக்கத்தால் பெய்யும் மழை இரண்டு இடத்திலும் ஒத்துவரும், அது பரந்து பெய்வது. ஐப்பசி இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரை விட்டுவிடும், அதில் ஒத்துவராவிட்டால் கொப்பி பிழை என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, முப்பது வருஷச் சராசரியைத்தான் காலநிலை என்று உலக வானிலை அமைப்பு எடுக்கிறது. உங்கள் கொப்பி முப்பத்திரண்டு வருஷம். இன்றைய வன்னியை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு பழைய அடிமட்டமாக அது போதுமானது.

வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். காணி உறுதியில் எல்லை சொல்லும் இடத்தில் "மேற்கு குளத்து அலைகரை" (குளத்து நீர் வந்து தொடும் கரை), "வடக்கு முடிக்குரிய காடு" என்று இருந்தால், அந்த வருஷத்தில் தண்ணீரும் காடும் எதுவரை நின்றன என்பதற்கு அது சட்டபூர்வமான சாட்சி. ஒரே காணியின் மூன்று தலைமுறை உறுதிகளை அடுத்தடுத்து வைத்தால் காடு பின்வாங்கியது தெரியும். குளக்கட்டில் நின்று எடுத்த கலியாணப் படத்தில் பின்னால் துருசுச் சுவர் தெரிந்தால், சுவரில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று பாருங்கள். கல் இன்றும் அதே இடத்தில் இருக்கும், அளந்துகொள்ளலாம். பழைய வீட்டுப் பாலைமரத் தீராந்தியை (உத்தரத்தை) வெட்டி வளையம் எண்ணலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம், வெப்பவலய மரங்களில் பெரும்பாலும் ஆண்டு வளையம் தெளிவாக இராது, தேக்கு போன்ற சிலதில்தான் இருக்கும். இதோடு அரசாங்கப் பழைய பதிவுகளும் உதவும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலும், வடமாகாண அரசாங்க அதிபர்களின் வருடாந்த நிர்வாக அறிக்கைகளும் குளங்களையும் மழையையும் பஞ்சத்தையும் விடாமல் பேசுகின்றன. அறிக்கைகளை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்.

இனிக் காலநிலை. உறுதியானது இது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு அளவில் இருந்த காபனீரொட்சைட்டு, ஹவாயில் 1958இல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடியதற்குக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, காடழிப்பு. 2011இலிருந்து 2020 வரையான பத்து வருஷத்தில் உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை விட 1.1 பாகை சூடாகிவிட்டது. 2024 தனியாக 1.5 பாகையைத் தாண்டிய முதல் ஆண்டு. இலங்கையிலும் வெப்பநிலை ஏறியிருக்கிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், ஆகவே பெய்யும்போது கொட்டித்தள்ளும் வாய்ப்புக் கூடுகிறது. இதில் யாரும் தர்க்கம் பண்ணத் தேவையில்லை.

சந்தேகமானது, வன்னியின் மழை. வடகீழ்ப் பருவமழை வருஷத்துக்கு வருஷம் பெரிதாக ஏறி இறங்குவது. பசிபிக்கில் எல் நினோ என்ற கடல் சூடேற்றம் வந்தால் எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை கூடும் போக்கு இருக்கிறது. இந்து சமுத்திரத்தின் கிழக்கு மேற்கு வெப்ப வேறுபாடும் மழையைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே நாலைந்து நல்ல மழை வருஷம் சேர்ந்து வந்தாலோ, வறட்சி சேர்ந்து வந்தாலோ, அதை உடனே காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. அப்படி ஒரு தனி வெள்ளத்தையோ புயலையோ எடுத்து, "இது காலநிலை மாற்றம் கொண்டுவந்தது" என்று சொல்ல வீட்டுக் கொப்பி போதாது. அதற்குத் தனியான கணிப்பு வேலை வேண்டும். காட்டை வெட்டியதால்தான் மழை குறைந்தது என்று ஊரில் எல்லாரும் சொல்வோம். மார்கழி மழை வங்காள விரிகுடாவிலிருந்து வருவது, நெடுங்கேணிக் காடு அதைப் பெரிதாகக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாது. ஆனால் பெய்த மழையை மண்ணில் இறக்குவதும், குளத்தைத் தூராமல் காப்பதும், ஊரின் வெக்கையைத் தணிப்பதும் அந்தக் காடுதான். ஊர்ச்சனம் கண்டது உண்மை, காரணத்தைச் சொல்லும் இடத்தில்தான் கொஞ்சம் தவறுகிறது.

அம்மா சொல்லும் வெக்கையையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கவேண்டும். உலகம் சூடானது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு வீடு. அவர் சிறுவயதில் இருந்தது மண்சுவரும் கிடுகுக் கூரையும், முற்றத்தில் மாமரமும் வேம்பும் நின்ற வீடு. இப்போது இருப்பது போருக்குப் பிறகு கட்டிய சீமெந்து வீடு, பலருக்குத் தகரக் கூரை, வளவில் மரம் அழிந்து புதிதாக வைத்தது இன்னும் நிழலுக்கு வரவில்லை. மதியம் தகரத்துக்குக் கீழ் இருப்பவருக்கும் கிடுகுக்குக் கீழ் இருப்பவருக்கும் ஒரே வெயில் ஒரே வெக்கையாகத் தெரியாது. அம்மாவின் உடம்பு சொல்வதைத் தள்ளவேண்டாம், ஆனால் அதை வெப்பமானிக் கணக்காக எடுக்கவும் வேண்டாம்.

இப்போது தம்பி சொல்லும் குற்றப்பட்டியல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். வருஷத்துக்கு 100 லீற்றர் அடித்தால் 230 கிலோ. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று முடிய 37 கிலோ அளவில் வரும். இலங்கையில் ஒரு ஆளுக்குச் சராசரி வருஷத்துக்கு ஒரு தொன் அளவு, பிரித்தானியாவில் நாலரைத் தொன் அளவு. நீங்கள் அம்மாவைப் பார்க்க லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்துபோகும் ஒரு பயணம் மட்டும் ஒரு தொன்னுக்கு மேல். வரவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்க்க வராமல் யார் இருப்பது. தம்பி அம்மாவின் அடுப்பைக் காட்டும்போது கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

விறகு வேறு விதம். வேலிக் கதியாலிலும் வளவு மரத்திலும் வெட்டி, அது திரும்பத் தழைத்தால், எரித்தபோது போன காபன் மரத்துக்கே திரும்பி வருகிறது. காட்டை அழித்து எரித்தால் வராது. ஆனால் அடுப்புப் புகை அம்மாவின் நெஞ்சுக்குக் கூடாது. அடுப்புக்குப் புகைபோக்கி வைத்துக்கொடுங்கள், உலகத்துக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக. வைக்கோலைக் கொளுத்துவது கெட்ட பழக்கம்தான். போகும் காபனீரொட்சைட்டு அடுத்த போகத்துப் பயிரில் திரும்பி வரும், ஆனால் புகையும் கொஞ்சம் மெதேனும் சேர்ந்து போகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது, கொளுத்திய சாம்பலைக் காற்றும் முதல் மழையும் கொண்டுபோகும். அதற்காக ஈர வயலில் பச்சையாக உழுது தாழ்க்கவும் வேண்டாம், தண்ணீருக்குள் அது உக்கும்போது மெதேன் கூடும். காய்ந்த நிலத்தில் தண்ணீர் விட நெடுநாள் முன்னமே உழுதுவிடுவதோ, குவித்து உக்கவைத்துப் போடுவதோ நல்லது.

தம்பியின் பட்டியலில் இல்லாத ஒன்று, வயல்தான். தண்ணீர் நிற்கும் வயல் மண்ணுக்குள் ஒட்சிசன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குகின்றன. நூறு வருஷக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டை விட 27 மடங்குக்கு மேல் சூடாக்குவது. உலகில் மனிதரால் வெளியாகும் மெதேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே நெல்வயல்களிலிருந்து வருகிறது. தண்ணீர் தொடர்ந்து நிற்கவிடாமல், நிலத்துக்குக் கீழ் 15 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கியபின் திரும்பக் கட்டினால் மெதேன் பாதியளவுக்கும் குறையக்கூடும், விளைச்சல் குறையாது. பூக்கும் காலத்தில் மட்டும் தண்ணீர் குறையக்கூடாது. தண்ணீர் தட்டுப்பாடான சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் எடுக்கும் கமக்காரர் இதை ஏற்கெனவே பாதி செய்கிறார்கள். காலபோகத்தில் வானம் கொட்டும்போது செய்யமுடியாது. உங்கள் குடும்பம் செய்யக்கூடியதில் மிகப் பெறுமதியான மாற்றம் இதுதான், தண்ணீரும் மிஞ்சும்.

ஆகவே ஒரு வீட்டுப் பழக்கத்தின் பலன் எந்த அளவில் விழுகிறது என்று பாருங்கள். உலகக் கணக்கில் அது தூசு. ஊர்க் கணக்கில் பெரிது. அலைகரையில் மரம் நின்றால் குளம் தூராது, வளவில் வேம்பு நின்றால் முற்றம் குளிரும், வைக்கோல் மண்ணுக்குப் போனால் உரச் செலவு குறையும். இந்த மூன்றின் பலனும் வருவது உங்கள் குளத்துக்கும் உங்கள் வளவுக்கும்தான். ஏற்கெனவே சூடாகிவிட்ட உலகத்தில் ஊர் தாக்குப்பிடிக்க இவைதான் வேண்டும்.

கொப்பிக்கு வருவோம். லமினேற் பண்ணவேண்டாம், ஒட்டுத்தாள் போடவேண்டாம், பொலித்தீனுக்குள் இறுக்கிக் கட்டவேண்டாம், ஈரம் உள்ளே நின்று மையை அழிக்கும். அமிலம் இல்லாத கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வெறுமையான பக்கங்கள் உட்பட, ஓரத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெறுமையான பக்கமும் சாட்சி. 1997இல் நெடுங்கேணிப் பக்கம் சண்டை வந்த பிறகு எழுத்து நின்றுபோனதும் வரலாறுதான். படியெடுக்கும்போது அவர் எழுதியதை எழுதியபடியே எழுதி, உங்கள் விளக்கத்தைத் தனிப் பத்தியில் வையுங்கள். கடன், பகை, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் போன்ற சங்கதிகள் பிறரைத் தொடுமானால் பொதுவில் போடமுன் குடும்பத்தைக் கேளுங்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்தால் ஆராய்ச்சியாளரும் பார்க்கலாம். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.

அம்மாவிடம் ஒரு வேலையும் கொடுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை முற்றத்தில், கூரையிலும் மரத்திலும் இருந்து தள்ளி, மண் தெறிக்காத உயரத்தில் ஒரு கட்டையில் ஆடாமல் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதச்சொல்லுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் எட்டரைக்குத்தான் மழைநாளை முடிக்கிறது, ஆகவே வவுனியாக் கணக்கோடு நேரே ஒப்பிடலாம். பெய்யாத நாளில் 0 என்று எழுதவேண்டும். அளக்கமுடியாத நாளில் கோடு போடவேண்டும், முதல்நாள் எண்ணைத் திரும்ப எழுதக்கூடாது. குளம் வான் பாய்ந்தால் அதையும் அதே கொப்பியில், அப்பப்பா எழுதிய மாதிரியே. அவருடைய குளத்துக்கு எந்த வருஷத்தில் கட்டு உயர்த்தினார்கள் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். வான் பாய்ந்த நாட்களை எப்படிக் காலங்களாகப் பிரிப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.